உட்புறத்து முத்திரை

லெவ்கே துறைமுகத்துக்கு அந்தூசா வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். மலைப்பாதை முழுவதும் கழுதையின் மேல் தூங்கி வழிந்த மகள் தெக்லா, கடலைப் பார்த்ததும் விழித்துக்கொண்டு, "அம்மா, வானம் கீழ விழுந்து கிடக்கு" என்றாள். கழுதையைப் பிடித்து வந்த கோனோன் சிரித்தான். சிரிக்கத் தெரிந்த ஆள்தான் என்று அந்தூசாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

ஏற்பாடு செய்தவர் எர்மோலாஸ் சாமி. கொள்ளைநோய் வந்துபோன பிறகு லிக்கியா கடற்கரைச் சாமியார்களுக்கு அதுவே பாதி வேலை. நோய் தின்றது போக மிஞ்சிய ஆணையும் மிஞ்சிய பெண்ணையும் மணமுடித்துவைப்பது. அந்தூசாவுக்குப் புருஷனும் இரண்டு ஆண் பிள்ளைகளும் போயிருந்தார்கள். கோனோனுக்கு மனைவி போயிருந்தாள். ஊரிலேயே பெரிய ரொட்டி அடுப்பு கோனோனுடையது. கோயிலுக்கு ஆசீர்வாத அப்பம் சுட்டுக் கொடுக்கும் உரிமையும் அவன் குடும்பத்துக்கே. "உன் பிள்ளை ஒருநாளும் பட்டினி கிடக்காது" என்று சாமி சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்தூசா மலையை விட்டு இறங்கினாள்.

வீடு மலைச்சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முன்னால் கடை, அடுத்து அடுப்பங்கூடம், பிறகு அத்திமரம் நிற்கும் முற்றம், அதற்கும் பின்னால் சரிவை ஒட்டி இரண்டு அறைகள். ஓர் அறையைக் கோனோன் அந்தூசாவுக்கும் மகளுக்கும் காட்டினான். விடியுமுன்பே மாவு பிசைய வேண்டியிருப்பதால் அவன் படுக்கை அடுப்புக்குப் பக்கத்தில்.

மற்ற அறைக்குக் கதவையே காணோம். கதவு இருந்த இடத்தில் கனத்த சுண்ணாம்புப் பூச்சு. பூச்சின் நாலு மூலையிலும் சிலுவை வடிவில் முத்திரை பதிந்திருந்தது.

"இது என்னங்க?"

"மாவு வைக்கிற அறை. எலி பூந்துருச்சு. பூசி அடைச்சுட்டேன்."

"எலிக்கு எதுக்கு முத்திரை?"

கோனோன் தன் இடுப்பில் வாரில் தொங்கிய வெண்கலத்தைத் தடவிக்கொண்டான். உள்ளங்கைக்குள் அடங்கும் முத்திரை. பின்பக்கம் விரல் நுழைக்க ஒரு வளையம். முகப்பில் கிரேக்க எழுத்தில் 'ஒளி' என்ற சொல் மேலிருந்து கீழாகவும், 'வாழ்வு' என்ற சொல் குறுக்காகவும் ஓடி, நடுவில் ஒரே எழுத்தில் சந்தித்துச் சிலுவையாக நின்றன. எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, புடைத்து நிற்கும். மாவில் அழுத்தி எடுத்தால் நேராகி, பள்ளமாக விழும்.

"முத்திரை விழுந்த எடத்துக்குள்ள கெட்டது எதுவும் போகாதும்மா" என்றான். "ஞானஸ்நானத்துல நம்ம நெத்தியில சாமி போடறாரே, அதே முத்திரைதான் இது. தாத்தா காலத்துல ஆயர் கையால வாங்கினது."

அவன் வெண்கலத்தை உதட்டில் ஒற்றிக்கொண்டான். பக்தியுள்ளவன் என்று அந்தூசா நினைத்தாள். பக்தியுள்ளவன்தான்.

எதிர்வீட்டு மாக்ரினா உப்புமீனும் மீன்சாறும் விற்பவள். வாய் ஓயாதவள். புதுப்பெண்ணைப் பார்க்க ஒரு கிண்ணம் மீன்சாறோடு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, அந்தூசாவை மேலும் கீழும் அளந்தாள்.

"மலைக்காரி கைன்னா கைதாண்டி. ஒரு மூட்டை மாவை ஒத்தையா பிசைவே போலிருக்கே. முன்னவ நோஞ்சான்."

"அவங்க பேரு என்னக்கா?"

"சோசிமே." மாக்ரினா உதட்டைப் பிதுக்கினாள். "பெத்தவங்க ஆசையா வச்ச பேரு. 'பொழைச்சுக்குவா'ன்னு அர்த்தம். எங்க பொழைச்சா? காலையில காய்ச்சல்னான் உன் வீட்டுக்காரன், அப்புறம் கடற்கரைக் குழியில போட்டாச்சுன்னான்."

"நீங்க பார்த்தீங்களா?"

மாக்ரினா பூச்சுச் சுவரைப் பார்த்தாள். உடனே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். விளையாட்டெல்லாம் முகத்தை விட்டுப் போயிருந்தது.

"பொண்ணே, ஒண்ணு சொல்றேன், ஏன்னு கேக்காதே. உன் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அவன்கிட்ட சொல்லாதே."

அந்தூசா சீக்கிரமே வேலையில் பழகிவிட்டாள். கோனோன் கை நீட்டி அடிக்கவில்லை, குடிக்கவில்லை, தெக்லாவுக்குத் தேன் தடவிய ரொட்டியின் ஓரத்தை ஒடித்துக் கொடுத்தான். வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த அறை.

முதலில் வாடைதான் வந்தது. புளிக்கவைத்த மாவு கைமறதியாகக் கிடந்து அழுகிப்போனால் வருமே, அந்த வாடை. பூச்சுச் சுவரை ஒட்டி வைத்த மாவுத்தொட்டி மட்டும் அளவுக்கு மீறிப் பொங்கி வழிந்தது. அந்தூசா சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். வெயில் படாத சுவர். அது காய்ச்சல்காரியின் நெற்றி போலச் சுட்டது.

பிறகு சத்தம்.

தப். சர்ர்ர்.

தப். சர்ர்ர்.

மாவை அறைந்து இழுக்கும் சத்தம். கோனோன் பிசைகிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் கோனோன் கண்ணெதிரே அத்திமரத்தடியில் அமர்ந்து பயறுக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதும் அது கேட்டது.

அந்தூசா அவனைப் பார்த்தாள். அவன் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"எலி" என்றான்.

அந்த வாரச் சனிக்கிழமை, மறுநாள் திருப்பலிக்கான அப்பங்களுக்குக் கோனோன் முத்திரை போட்டான். ஒவ்வொரு முறையும் வெண்கலத்தை முத்தமிட்டு, மாவில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினான். அந்தூசா பலகையில் ஏற்றி அடுப்புக்குள் தள்ளினாள். வெந்து வந்தவற்றை எடுத்து வரிசையாக அடுக்கும்போது ஓர் அப்பத்தில் அவள் விரல் தடுக்கியது.

மற்றதிலெல்லாம் எழுத்து பள்ளம். இதில் மேடு. தோலுக்கடியில் நரம்பு புடைப்பதுபோல எழுத்துகள் புடைத்திருந்தன. அதுவும் இடம் வலம் மாறி.

அப்பத்துக்கு உள்ளேயிருந்து யாரோ முத்திரையை வெளியே அழுத்தியதுபோல.

"இங்க பாருங்களேன்..."

கோனோன் அதைப் பிடுங்கினான். இரண்டாகப் பிய்த்தான். உள்ளே ரொட்டிக்குப் பதில் வெள்ளையாக எதுவோ உதிர்ந்தது. அவள் குனிந்து தொடுவதற்குள் நெருப்பில் எறிந்துவிட்டான்.

தரையில் சிந்திய ஒரு துளியை அவள் பிற்பாடு விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாக்கு சுரீரென்று எரிந்தது.

சுண்ணாம்பு.

துறைமுகத்தில் எகிப்திலிருந்து கோதுமைக் கப்பல் வந்து நின்றது. கப்பலில் இரண்டு பேர் காய்ச்சலில் கிடப்பதாகக் கடைத்தெருவில் பேச்சு. அக்குளில் கட்டி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கப்பல் ஏற யாருக்கும் துணிவில்லை. அன்று கோனோன் ரொட்டி விற்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தெக்லாவுக்கு உடம்பு சுட்டது.

அந்தூசா மகளின் அக்குளைத் தடவினாள். தொடையிடுக்கைத் தடவினாள். கட்டி இல்லை. தன் இரண்டு பையன்களின் உடம்பில் அவள் தடவிப் பார்த்த கட்டியின் கனம் இன்னும் விரலில் இருந்தது. அது இதுவல்ல. காற்று மாறியதால் வந்த சாதாரணக் காய்ச்சல். பிள்ளையைப் போர்வைக்குள் பொத்திவைத்துவிட்டு, வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

தெக்லாதான் காட்டிக்கொடுத்தாள். தண்ணீர் தாகத்தில் முற்றத்துக்கு எழுந்து வந்து, கோனோனின் காலடியிலேயே சுருண்டு விழுந்தாள்.

கோனோன் தொடவில்லை. இரண்டடி பின்னால் போனான்.

"கட்டி இல்லைங்க. நான் பார்த்துட்டேன், சத்தியமா இல்ல."

"இருக்கட்டும்மா, இருக்கட்டும். நீ புள்ளையைத் தூக்கிட்டுப் போய் உள்ள படு. நான் பார்த்துக்கறேன்."

அவன் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஒரு கூடை ரொட்டி வைத்தான். ஆலிவ், அத்திப்பழம், விளக்குக்கு எண்ணெய். எல்லாவற்றையும் வாசற்படியிலேயே வைத்து, உள்ளே தள்ளிவிட்டான். என் முதல் புருஷன்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று நினைத்தபடி அந்தூசா மகளை மடியில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தாள்.

மாக்ரினா சொன்னது அந்த அரைத்தூக்கத்தில் மறுபடி நினைவுக்கு வந்தது. ஆனால் தூக்கம் அதைவிடக் கனமாக இருந்தது.

விழித்தபோது கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ் விழுந்திருந்தது.

கதவின் மறுபக்கம் சத்தம்.

தப். சர்ர்ர்.

தப். சர்ர்ர்.

ஈரச் சுண்ணாம்பைக் கரண்டியால் அறைந்து இழுக்கிற சத்தம்.

அந்தூசா கதவில் காதை வைத்தாள். இத்தனை நாளாக அந்த அறையிலிருந்து கேட்டது மாவு பிசையும் ஓசையே இல்லை. உள்ளே இருந்த ஒருத்தி கடைசியாகக் கேட்ட சத்தம் அது.

"கோனோன்! திறங்க! ஐயோ, திறங்க!"

"கத்தாதே அந்தூசா. ஊருக்காகத்தான் செய்யறேன். இந்தக் கையாலதான் ஊரே சாப்பிடுது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ரொட்டி சுடுவா?"

"காய்ச்சல் இறங்கிடும்! நாளைக்கே இறங்கிடும்! வெறும் காய்ச்சல்தான்!"

"அவளும் அப்படித்தான் சொன்னா."

கரண்டி ஓயவில்லை. கதவிடுக்கில் இருந்த வெளிச்சம் கீழிருந்து மேலாக ஒவ்வொரு கோடாக அணைந்தது. பிறகு முத்தமிடும் ஓசை. கதவில் ஓர் அழுத்தம். மறுபடி முத்தம். மறுபடி அழுத்தம். நாலு மூலைக்கும்.

"பயப்படாதே. முத்திரை போட்டுட்டேன். இனிமே கெட்டது எதுவும் உள்ள வராது."

"உள்ள இருக்கறது நாங்கய்யா!"

அவன் காலடி விலகிப் போனது. கொஞ்ச நேரத்தில் தெருவில் மாக்ரினா யாரிடமோ மீனின் தரத்தைப் பற்றிச் சண்டை போடும் குரல் கேட்டது. அந்தூசா தொண்டை கிழியக் கத்தினாள். "மாக்ரினா அக்கா! அக்கா!" தெருவில் ஒரு கணம் பேச்சு நின்றது. நன்றாகவே நின்றது. பிறகு மாக்ரினா முன்னைவிட உரக்க மீனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்தது. அந்தூசா வெண்கல விளக்குத் தண்டை எடுத்துக் கதவை இடித்தாள். வெளியே பூச்சு கல்லாகிக்கொண்டிருந்தது. பின்சுவர் முழுக்கக் கருங்கல், தண்டுதான் வளைந்தது. மகளைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தாள். காற்று கனத்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. தெக்லாவின் உடம்பு வேர்த்து, மெல்லக் குளிர்ந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

அந்தூசா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கே பயமாயிருந்தது.

"அம்மா" என்றாள் தெக்லா. "அந்தச் சுவரு சுடுது."

பக்கத்து அறையோடு சேர்ந்த சுவர். பச்சைச் செங்கல் அடுக்கிய மண்சுவர். அந்தூசா தடவினாள். சுட்டது. அழுத்தினாள்.

விரல் உள்ளே போனது.

பிசைந்து வைத்த மாவில் போவதுபோல, மணிக்கட்டு வரை போனது.

மறுபக்கத்திலிருந்து ஏதோ ஒன்று அவள் விரல்களைத் தொட்டது. குளிர்ந்து, கரடுமுரடாக இருந்தது.

அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். சுவர் பிடி பிடியாகச் சரிந்து விழுந்தது. புளித்த வாடை மூச்சை அடைத்தது. பிறகு அந்த ஓட்டைக்கு அப்பால் அவள் ஒன்றைக் கண்டாள்.

வெளிச்சம். ஊசி முனையளவு வெளிச்சம்.

மகளை முதுகில் சுமந்துகொண்டு அந்தூசா அந்த ஓட்டைக்குள் புகுந்தாள்.

சோசிமே பின்சுவரின் அடியில் கிடந்தாள். கடற்கரைக் குழிக்கு அவள் போகவே இல்லை. எலும்பும், உலர்ந்த உடைத் துணியும், கொஞ்சம் தலைமுடியும். நீட்டிய கையில் மாவு அள்ளும் இரும்புக் கரண்டி; பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. அவள் தலைக்கு நேரே கருங்கல் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குடைந்த பள்ளம். கல் கல்லாகச் சுரண்டி எடுத்து ஓரமாக அடுக்கியிருந்தாள், வீடு பெருக்குகிறவள் குப்பையை ஓரம் ஒதுக்குவதுபோல. சுவரெங்கும் நகக்கீறல்.

பள்ளத்தின் அடியில் ஒரே ஒரு கல்தான் மிச்சம். அதன் விளிம்பில்தான் அந்த ஊசி வெளிச்சம் கசிந்தது.

ஒரு கல்.

காய்ச்சல்காரிக்கு இவ்வளவு குடைய எங்கிருந்து பலம் வந்தது? அவளுக்கும் காய்ச்சல் விட்டுத்தான் போயிருக்க வேண்டும். நோய் அவளைக் கொல்லவில்லை.

அந்தூசா வளைந்த விளக்குத் தண்டை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். கல் அசைந்தது. விழுந்தது. விடியற்காலைக் கடற்காற்று முகத்தில் அடித்தது. வெளியேறும்முன் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அடைத்த கதவின் உட்புறப் பலகையில், நாலு மூலையிலும், மரத்தையே முட்டிக்கொண்டு அந்தச் சொற்கள் புடைத்து நின்றன. ஒளி. வாழ்வு. இடம் வலம் மாறி.

கோயிலில் திருப்பலி முடிகிற நேரம். அந்தூசா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். இருவர் மேலும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சுண்ணாம்பு. உள்ளே எர்மோலாஸ் சாமி இறந்தோருக்கான செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உம் அடியாள் அந்தூசாவின் ஆன்மாவையும், அவள் குழந்தை தெக்லாவின் ஆன்மாவையும்..."

"ஆமென்" என்றது ஊர்.

"சாமி, இங்க இருக்கேன்" என்றாள் அந்தூசா.

கூட்டம் திரும்பியது. பிறகு அலறியது. பெண்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். எல்லாக் கைகளும் நெற்றிக்கும் மார்புக்கும் சிலுவை போட்டன. அவள் ஒரு அடி வைத்தால் கூட்டம் மூன்றடி விலகியது.

"ஆவி!"

"முத்திரை போட்டும் வந்துருச்சே!"

"ஆவி இல்ல. உசுரோட வச்சுப் பூசினான். உங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. மாக்ரினா அக்கா, உனக்குக் கேட்டுச்சு."

மாக்ரினா தரையைப் பார்த்தாள்.

கோனோன் பீடத்தின் அருகே அப்பக் கூடையோடு நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தாலும் குரல் உறுதியாக வந்தது. "நம்பாதீங்க. நேத்தே ரெண்டு பேரும் செத்துட்டாங்க. இது அவங்க இல்ல."

யாரும் அவனைக் கேள்வி கேட்கவில்லை. ஒரு வருஷ ரொட்டிக்கும் ஒரு மலைக்காரிக்கும் நடுவே ஊர் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று அந்தூசாவுக்கு அப்போது புரிந்தது. உயிரோடிருப்பவளை ஆவி என்று நம்புவதுதான் அவர்களுக்குச் சௌகரியம்.

தெக்லாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மாவின் கையை உதறிவிட்டு நேராகப் போனாள். கோனோனின் கூடையிலிருந்து ஓர் அப்பத்தை எடுத்துக் கடித்தாள். "பசிக்குது" என்றாள் வாய் நிறைய.

சாமியின் கையிலிருந்த சிலுவை தாழ்ந்தது. "ஆவிக்குப் பசிக்காதேப்பா கோனோன்..."

கோனோன் கேட்கவில்லை. அவன் தெக்லாவையும் பார்க்கவில்லை, அந்தூசாவையும் பார்க்கவில்லை. அந்தூசாவுக்குப் பின்னால் வாசலில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான். கூடை நழுவி விழுந்து அப்பங்கள் கல்தரையில் உருண்டன.

"நீ எப்படி வெளிய வந்தே?" என்று கிசுகிசுத்தான். "முத்திரை அப்படியேதானே இருக்கு. தினமும் பார்க்கறேனே..."

அந்தூசா திரும்பினாள். வாசலில் வெயில்தான் இருந்தது.

கோனோன் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினான். இடுப்பு முத்திரை கல்தூணில் மோதிக் கணகணவென்று ஒலித்தது. அவன் வீட்டுப் பக்கம் ஓடுவதைத் தெருவே பார்த்தது. சாமியும் கூட்டமும் வந்து சேர்ந்தபோது கடையில் ஆளில்லை. அடுப்பங்கூடத்தில் இல்லை. முற்றத்தில் இல்லை.

சோசிமேயின் அறைக் கதவுப் பூச்சு ஈரமாக இருந்தது.

பல ஆண்டுப் பழைய பூச்சு அது. இப்போது தண்ணீர் சொட்டும் புதுச் சுண்ணாம்பு. நாலு மூலையிலும் முத்திரை. எழுத்துகள் மேடாக, இடம் வலம் மாறி. சாமி விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்தினார்.

உள்ளேயிருந்து ஆண் குரல் வந்தது. சுவருக்கு அப்பால் எட்டாத ஆழத்திலிருந்து வருவதுபோல.

"திறங்க! ஐயா, திறங்க! இருட்டா இருக்கு! இங்க யாரோ இருக்காங்க!"

யாரும் அசையவில்லை.

அந்தூசா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். அவளும் மகளும் வெளியே வந்த ஓட்டை அங்கேதானே இருக்கிறது? ஓட்டை இல்லை. கருங்கல் சுவர் முழுதாக நின்றது. கற்களுக்கு நடுவே பழைய பாசி. காலடியில் வளைந்த விளக்குத் தண்டு மட்டும் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். பூச்சில் ஓங்கி அடித்தாள். ஈரச் சுண்ணாம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. "வாங்கய்யா, உடைங்க! ஆளு உசுரோட உள்ள இருக்கான்! கேக்கலையா உங்களுக்கு?"

நேற்று அவள் குரலைக் கேட்டும் கேளாமல் நின்ற அதே முகங்கள் அவளைப் பார்த்தன. இருவர் வந்து அவள் கையிலிருந்த தண்டைப் பிடுங்கினார்கள்.

"முத்திரை விழுந்த கதவும்மா. தொடக்கூடாது" என்றார் ஒருவர்.

"என்னை அடைச்சவன் அவன். நானே சொல்றேன், உடைங்க!"

சாமி கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவனுடைய முத்திரையை உடைக்க எனக்கு அதிகாரம் இல்ல மகளே. ஆயருக்குச் சொல்லி அனுப்பறேன்." ஆயர் இருந்த ஊருக்குப் போய்வர எவ்வளவு நாளாகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே குரல் அடைத்துப்போய், தட்டும் ஓசையானது. பிறகு சுரண்டும் ஓசையானது.

"மாவு பிசையற சத்தம் மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்படித்தான் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராக முற்றத்தை விட்டு வெளியேறினார்கள்.

கடைசியாக நின்றவள் மாக்ரினா. முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு, பூச்சுச் சுவர்ப் பக்கம் பாராமல் கேட்டாள்.

"பொண்ணே... நாளைக்கு அடுப்பு மூட்டுவியா? இனி உரிமை உன்னுதுதானே. புள்ளைங்க இருக்குற ஊரு."

அந்தூசா முற்றத்துக் கொடியில் காய்ந்த துணிகளை உருவி மூட்டையாகக் கட்டினாள். கோபம்கூட வரவில்லை. வாயில் சுண்ணாம்பின் எரிச்சல்தான் இருந்தது.

"என் கையால இந்த ஊருக்கு ஒரு ரொட்டிகூட வேகாதுக்கா. பசிச்சா அந்தச் சுவரைத் தின்னுங்க."

அந்தத் துணிமூட்டையும் மகளுமாகத் துறைக்கு இறங்கினாள். மலைக்குத் திரும்ப அவளுக்கு யாருமில்லை. ரோட்ஸ் தீவுக்குப் பாய் விரிக்கும் ஒரு சிறு படகு கயிறவிழ்த்துக்கொண்டிருந்தது. படகுக்காரன் வெளியூர், லெவ்கேயில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. வாய் நிறைய வெள்ளரிக்காயை மென்றபடி பலகையில் நின்று கை நீட்டினான்.

"வாம்மா, பார்த்து ஏறு."

அந்தூசா ஏறினாள். தெக்லாவை இடுப்பில் பிடித்துத் தூக்கி அவள் பக்கத்தில் விட்டான். பிறகு கரைப்பக்கம் திரும்பி, வெறும் பலகையை நோக்கி மறுபடி கையை நீட்டினான்.

"நீங்களும் வாங்கக்கா. பயப்படாதீங்க, பலகை நகராது."

அந்தூசா சட்டென்று திரும்பினாள்.

படகுக்காரன் எதையோ பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தான். தன் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தான்.

"ஐயையோ, நகமெல்லாம் பேந்து கிடக்கே. இதுக்கு மருந்து போடறதில்லையா நீங்க?"

படகு ஓர் ஆளின் கனத்துக்குத் தாழ்ந்து, மெல்ல நிமிர்ந்தது.

தெக்லா அம்மா பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, தன் அருகே இடம் விட்டாள்.